இரண்டு வரி ஜெபம்

"உங்க அப்பாகிட்ட நான் எப்படிங்க சொல்றது? நீங்கதான் சொல்லணும்" என்றாள் மருமகள், மேசை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே.

கணவன் நாற்காலி துடைக்கிற சாக்கில் நைசாக நழுவிவிட்டான்.

கல்யாணமாகி மூன்றாவது கிறிஸ்துமஸ். விருந்து முதல் முறையாக அவள் வீட்டில். மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, அங்கே நிமிடக் கணக்குப் பிசகினால் ரத்த ரிப்போர்ட்டும் பிசகும். அதே தெம்பில், ஒரு மணி அடித்தால் எல்லாம் சூடாக மேசையில் இருக்கும் என்று சொந்தக்காரர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். இப்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும்.

அவளுக்கு ஒரே கவலை மாமனாரின் சாப்பாட்டு ஜெபம். போன இரண்டு வருடமும் மாமியார் வீட்டில் அது அரை மணி நேரத்தைத் தொட்டது. ஆனாலும் அங்கே சாப்பாடு மட்டும் ஆவி பறக்க வந்து இறங்கியது. மாமியாருக்கு அந்தக் கைராசி எப்படி வாய்த்ததோ, தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஆராதனை முடிந்து வந்து சேர்ந்தார்கள். மாமனார், மாமியார், பசி தாங்காத சித்தப்பா, அவர் குடும்பம். மருமகள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமனாரிடம் போனாள். சாப்பாடு ஆறிவிடக் கூடாதே என்று இழுத்தாள்.

"அதுக்கென்னம்மா, ரெண்டே வரியில முடிச்சிடறேன்" என்றார் அவர். கோபமே இல்லை. பார்க்கப்போனால் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது.

இவ்வளவு சுலபமா என்று நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்னடுப்பின் கதவைத் திறந்தாள். முழுக்கோழி வெளிறிப்போய்ப் படுத்திருந்தது.

அடுப்படியில் பெரிய பிளக் போட ஒரே ஒரு இடம்தான். பாதி வேக்காட்டில் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகியவள், மேசை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை என்ற பெருமையில் மறுபடி மாற்றவே இல்லை. அவசரமாக மாற்றினாள். இனி குறைந்தது அரை மணி நேரம் ஆகும்.

தண்ணீர் குடிக்க வந்த மாமியார் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மருமகளின் முகத்தையும் பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய், மாமனாருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த சித்தப்பாவை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டார்.

மணி ஒன்று. எல்லாரும் கண்ணை மூடினார்கள். சுருக்கச் சொன்ன வாயால் நீட்டச் சொல்வது எப்படி? மருமகளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆண்டவரே, மானத்தைக் காப்பாற்றும் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"எங்களுக்காக மனிதராய்ப் பிறந்த ஆண்டவரே, இந்த உணவுக்காக ஸ்தோத்திரம். சமைத்த கைகளை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில்..." என்ற மாமனார், லேசாகத் தூக்கிப்போட்டதுபோல் நிறுத்தினார். "அதோடு ஆண்டவரே..." என்று தொடர்ந்தார்.

மேய்ப்பர்களுக்கு நன்றி சொன்னார். ஆண்டவரின் தாயைச் சுமந்து வந்த கழுதையை நினைத்துக்கொண்டார். இடமில்லை என்று கதவைச் சாத்திய சத்திரக்காரனையும் மன்னித்தார். இன்றைக்கும் வேலைக்குப் போன நர்சுகள், பஸ் ஓட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் எல்லாரும் எல்லாமும் வந்து போயின. மறுபடி "இயேசுவின் நாமத்தில்" என்றார். மறுபடி தூக்கிப்போட்டது.

"அதோடு ஆண்டவரே, மகளில்லாத எங்களுக்கு இந்தப் பிள்ளையை மகளாகத் தந்தீரே" என்றார். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சித்தப்பாவின் வயிறு சத்தமாகவே உறுமியது.

மருமகள் பூனைபோல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கோழி பொன்னாகச் சிவந்திருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அவள் அடுப்படி வாசலில் வந்து நின்ற அதே நொடி, கண்ணை இறுக மூடியிருந்த மாமனார் "ஆமென்" என்றார்.

ஆவி பறந்த கோழியை எல்லாரும் ஒரு கை பார்த்தார்கள். சொன்னபடி சூடாகப் போட்டுவிட்டாளே என்று சித்தப்பாவே பாராட்டினார்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுத்துவைக்கும்போது மருமகளுக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தை, கோழி வேகலைன்னு நான் யார்கிட்டயும் மூச்சு விடல. மாமா கண்ணையும் திறக்கல. சரியா நான் வந்து நின்னதும் எப்படி முடிச்சாரு? ஆண்டவரே அவருக்கு உணர்த்தியிருக்கார். அவரைப் போய் சுருக்கச் சொன்னேனே."

மாமியார் கூடத்தை எட்டிப் பார்த்தார். அங்கே மாமனார் வலது கால் கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா நான் ஒரு நாளும் நேரத்துக்குச் சமைச்சதில்லடி. அவருக்கு எப்பவுமே ஜெபம் ரெண்டு வரிதான், நான் அவர் கால்ல இருந்து என் காலை எடுத்தாத்தான் ஆமென்" என்றார் மாமியார். "அடுத்த வருஷம் அவர் பக்கத்துல நீ உக்காந்துக்கோ."