காணாமல் போன பன்னிரண்டு

“பன்னெண்டை ஒழிச்சுக் கட்டிட்டேன் சார்” என்றார் கணக்கு வாத்தியார், குரலைத் தாழ்த்தி.

பக்கத்து இருக்கைப் பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானம் கிளம்பி அரை மணி நேரப் பழக்கம்தான். அதற்குள் இப்படியொரு வாக்குமூலத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்பட்டையும் போர்வையுமாகச் சாய்ந்திருந்த மனைவியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். அசைவில்லை.

“பன்னெண்டாந்தேதியைச் சொல்றேன். எங்க கல்யாண நாள்.”

“அதை ஏன் ஒழிக்கணும்?”

“போன வருஷம் மறந்துட்டேன். ஒரு மாசம் பேச்சே இல்ல. உப்பு வேணுமான்னுகூட சுவத்தைப் பாத்துதான் கேட்டா. அதுக்கு முந்தின வருஷம் ஞாபகம் வெச்சு, எடை பாக்குற மெஷின் வாங்கிக் குடுத்தேன்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “வேற ஒண்ணுமே கிடைக்கலையா உங்களுக்கு?”

“நல்ல கம்பெனி சார் அது. இந்தத் தடவையும் சொதப்பினா பொண்ணு வீட்டுலயே தங்கிடுவேன்னு சொல்லிட்டா. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது.”

மனிதர் கணக்கில் புலி. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். தேதிதான் தலையில் தங்காது.

எதிரே இருந்த திரையில், நீலக் கடல்மேல் குட்டி விமானம் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வாத்தியார் அதைத் தொட்டுக் காட்டினார். கரும்பலகை முன்னால் நிற்கிற தெம்பு வந்துவிட்டது.

“பன்னெண்டாயிரம் கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம். பதினொண்ணாந்தேதி ராத்திரி ஏறினோம். நடுக்கடல்ல தேதிக் கோட்டைத் தாண்டுறோம், மேற்கே தாண்டினா காலண்டர்ல ஒரு நாள் குதிச்சிடும். இறங்கும்போது பதிமூணாந்தேதி காலைல. பன்னெண்டு எங்க போச்சு?”

“கடல்ல போச்சு” என்றார் டாக்டர், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி.

“வராத நாளுக்குப் பரிசு கேக்க முடியுமா? பொண்ணைப் பாக்கப் போற சாக்குல நானே நாள் பாத்து டிக்கெட் போட்டேன். ஒரு சட்டை எடுத்தாலே பத்துக் கேள்வி கேக்குறவ, இந்தத் தேதியைச் சொன்னதும் வாயே தொறக்கல. சிரிச்சுக்கிட்டே போயிட்டா.”

“கில்லாடி சார் நீங்க. ஆனா திரும்பும்போது கணக்குத் தலைகீழ். காலைல கிளம்பினா, அதே தேதி காலைலதான் போய் இறங்குவீங்க. ஒரே நாள் ரெண்டு தடவை வரும்.”

“வந்துட்டுப் போகட்டுமே. அது அடுத்த மாசம். அந்தத் தேதி அவளே பாத்துப் போட்டது. எத்தனை தடவை வந்தா எனக்கென்ன?”

பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில் வாத்தியார் காலை நீட்டினார். முன் இருக்கை முட்டியில் இடித்தது. அதுகூட அவருக்கு வலிக்கவில்லை.

ஜன்னலோரப் போர்வை லேசாக அசைந்தது. கண்பட்டையைக் கழற்றாமலேயே மனைவி சொன்னாள்:

“நம்ம கல்யாண நாள் அடுத்த மாசம், திரும்புற அன்னைக்குங்க. பரிசு ரெண்டா வாங்கிடுங்க.”