இடது சீட்

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று கிரிதரன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். நட்டுகளைக்கூடச் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவைத்தான். ஏசி போனது, ஸ்டெப்னி போனது. அன்று காலை மனைவி பிரமிளா காபியோடு வந்தபோது இடது சீட்டும் போர்ட்டிகோ தரையில் கிடந்தது.

“அப்போ நான் எங்க உக்கார்றது?”

“சீட்டு பதினாறு கிலோ, நீ அறுபத்திரெண்டு. மொத்தமா எழுபத்தெட்டு மிச்சம்” என்றான் உற்சாகமாக.

கார் சீறிக்கொண்டு தெருவில் இறங்கியது. பிரமிளா அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை தோளுக்கு மேல் போய் பெல்ட்டைத் தேடியது. பெல்ட் காரோடு போயிருந்தது.

“நாப்பத்தொம்பதுங்க” என்றாள், முனை திரும்பும் காரைப் பார்த்து. “ஆபரேஷனுக்கு அப்புறம் நான் நாப்பத்தொம்பது கிலோதான்.”