பாலத்தின் அகலம்

“மூணடி பத்தாது சார்” என்றாள் சின்னம்மாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாய்க்கால் கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார் சத்யநாராயணன். சென்னை அறக்கட்டளையின் அதிகாரி. மூன்றடி அகலத்தில் நடைபாலம் கட்டப் பணம் தருகிறோம் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் சின்னத் தொண்டு நிறுவனம் ஒரு வருஷமாகத் தலையால் தண்ணீர் குடித்திருந்தது.

எங்கள் ஆபீஸ் என்பது கீரப்பாளையத்தில் உரக்கடைக்கு மேலே ஓர் அறை. இந்தப் பாலமும் கைவிட்டுப் போனால் அதையும் பூட்ட வேண்டியதுதான்.

“சரிங்க சார்” என்று ஒரு கும்பிடு போட்டால் முடிந்தது. இதென்ன வம்பு?

காலனிப் பெண்கள் காய்கறிக் குழு வைத்திருந்தார்கள். சின்னம்மாள்தான் தலைவி. போன வருஷம் கார்த்திகை வெள்ளத்தில் புருஷன் ராஜாமணி போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். நான் மேலே கேட்டதில்லை. கேட்கிற முகமாகவும் அவள் இருந்ததில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு. ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப் போனால் சிதம்பரம் போகிற முதல் பஸ் போய்விடும். வாடின காய்க்கு மார்க்கெட்டில் என்ன மரியாதை? பாலம் வந்தால் நாலு காசு பார்ப்பார்கள். இப்படித்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அத்தனையும் உண்மை.

அகலம் மட்டும் அவள் சொன்னது. ஆறடி.

“வண்டி ஓட்டப் போறீங்களாக்கா?” என்று கேட்டதற்கு, “எழுது தம்பி” என்றாள். அவ்வளவுதான்.

சத்யநாராயணன் பொறுமையான மனிதர். “தலையில கூடையோட ஒரு ஆள் நடக்க மூணடி தாராளம்மா. நாங்க பொழைப்புக்கு வழி பண்ற வேலைக்குத்தான் பணம் தர்றோம். அகலம் ஜாஸ்தியானா செலவு எங்கயோ போயிடும்.”

“பத்தாது சார்.”

அவர் வாட்சைப் பார்த்தார். அடுத்து ஸ்ரீமுஷ்ணம் போகிறார். அங்கே இன்னொரு நிறுவனம் மாலையோடு காத்திருக்கிறது. இங்கே இழுபறி என்றால் பணம் அங்கே போய்விடும். காலையிலேயே இதைச் சின்னம்மாளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

“அக்கா, குடுக்கறத வாங்கிக்குங்க” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரிக்குக் காட்டவென்று கொண்டுவந்த கத்திரிக்காய்க் கூடை அவள் இடுப்பில் இருந்தது.

“சரி, ஏன் பத்தாதுன்னு காட்டுங்க” என்றார் சத்யநாராயணன். குத்தலாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சின்னம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். கரைமேல் நின்றுகொண்டிருந்த ஆம்பளைகளைப் பார்த்தாள்.

நாலு பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஏதோ மூட்டை தூக்கிக் காட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முன்னால் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நின்றார்கள். பின்னால் இரண்டு பேர். ஆளுக்கொரு கையைத் தோளுக்கு உயர்த்தினார்கள். நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது.

அப்படியே தண்ணீரில் இறங்கினார்கள்.

தை மாசம், தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் நடுவாய்க்காலுக்கு வந்ததும் கழுத்துவரை வெள்ளம் இருப்பதுபோல் நாலு பேரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். சட்டென்று பின்னால் வந்த ஒருவனுடைய கை மட்டும் கீழே இறங்கியது. அவன் அங்கேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

மற்ற மூவரும் நின்றுவிட்டார்கள்.

“அங்கதான் சார் எங்க வூட்டுக்காரரு நழுவிட்டாரு” என்றாள் சின்னம்மாள். “காய்ச்சல்ல வூட்லதான் செத்தாரு. கரையேத்த முடியல. தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு. மறுநாளு மதகுல கெடச்சாரு.”

அக்கரையில் சீமைக் கருவேலப் புதர் இருந்தது. இத்தனை மாதமாக நான் அதை வெறும் புதராகத்தான் பார்த்திருந்தேன். அதுதான் அவர்கள் சுடுகாடு.

ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப் போகலாம். கூடையோடு போகலாம். பிணத்தோடு விடமாட்டார்கள்.

அவ்வளவு நேரம் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்த நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தண்ணீரையே பார்த்தேன்.

“செத்தவங்க போறதுக்கு யாரு சார் பணம் குடுப்பாங்க? அதான் சொல்லல” என்றாள்.

அந்த நாலு பேரும் கரையேறி வரும்வரை சத்யநாராயணன் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆறடி போதுமாம்மா?”

“போதும் சார்.”

சின்னம்மாள் குனிந்து கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“கத்திரிக்காயும் போவும் சார். பொய்யில்ல.”