இனிமே வராத

"தெனம் இன்னாத்துக்கு வர்ற? உன்ன பாத்தாலே பேஜாரா கீது. இனிமே வராத, டெரிக்!" என்று மகிழினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டெரிக் திகைத்துப்போனான். பிறவியிலேயே அபார சக்தி படைத்தவன் அவன். மணலி ரோட்டில் கவிழ்ந்த டேங்கர் லாரியைத் தனியாளாகத் தூக்கி, அடியில் சிக்கிய டிரைவரை மீட்டவன். டாக்டர்கள் கைவிரித்துவிட்ட சிநேகிதியையும் எப்படியாவது காப்பாற்றிவிடத்தான் துடித்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டால் அவள் உடம்பில் தெம்பு ஏறும். அன்று மட்டும் வலியில்லாமல் எழுந்து சாப்பிடுவாள்.

வெளியே கிளம்பியவனை வாசலில் அவள் அம்மா கெங்கம்மா வழிமறித்தாள்.

"கோச்சிக்காத நைனா. நேத்து அவ கைய புடிச்சிட்டு வெளிய வந்தியே, எனக்காக தண்ணி கொடத்த தூக்கப் பாத்து, முடியாம கீழ வச்சிட்ட. அத ஜன்னல்ல பாத்துகினு இருந்தா. 'என்னால அவன் பலமெல்லாம் போவுதும்மா'ன்னு ஒரே அழுகை."

டெரிக் திரும்ப உள்ளே போய், இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"கைய தரமாட்டேன். சும்மா பக்கத்துல குந்திக்கவா?"

மகிழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.