மிக்சர் தட்டில் வைத்த பூ

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காபித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். டம்ளரை எடுக்க வேண்டியவர் என் இடது காதுக்கு மேலே எதையோ பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். பெண் பார்க்கும்போது பெண் சிரித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆவணியில் இவர் எனக்கு நாலாவது வரன். முதல் மூன்று பேரையும் வேண்டாம் என்றது நான்தான். ஏன் என்று அப்பா கேட்டபோது, ஒருவருக்கு மீசை சரியில்லை, இன்னொருவர் முறுக்கைச் சத்தமாகக் கடிக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். மூன்றாமவரிடம் குறை எதுவும் கிடைக்கவில்லை. சும்மா பிடிக்கவில்லை என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. இதுவும் அமையாவிட்டால் அடுத்த ஞாயிறு திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், அப்புறம் உன்னைக் கேட்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் காலேஜ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. நானோ பீளமேட்டில் எம்.பில். முடித்துவிட்டு, பிஎச்.டி.க்கு இடமும் வாங்கி வைத்திருந்தேன். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இப்போது பயம் போய், உள்ளே குறுகுறுவென்றிருந்தது.

இவர் பெயர் கிருபாசங்கர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். லீவு விட்டால் காடு மேடெல்லாம் சுற்றுவார், மற்றபடி நல்ல மாதிரி என்று திருமலைசாமி மாமா சொல்லியிருந்தார்.

பார்வை இன்னும் என் காதுக்கு மேலேயேதான்.

அங்கே வைத்திருந்த பூவுக்காகத்தான் காலையில் அம்மாவோடு சண்டை. நாலு முழம் மல்லிகை வாங்கி வைத்திருக்கும்போது, அதற்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி இது என்ன பூ என்று திட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத மஞ்சள் பூ. வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிற செடியிலிருந்து பறித்தது.

மாப்பிள்ளை எழுந்தார். இரண்டடி முன்னால் வந்தார்.

"ஏனுங்க, அந்த மஞ்சப் பூவை மட்டும் கொஞ்சம் எடுத்துத் தாறீங்களா?"



பெண் பிடித்துப்போனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தலையில் பூ வைப்பார்கள். வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அவருடைய அம்மாவின் மடியில் அதற்கென்றே மல்லிகைச் சரத்தோடு ஒரு தட்டு தயாராக இருந்தது. தலையில் இருக்கிற பூவை எடுக்கச் சொல்லி எந்த மாப்பிள்ளையும் கேட்டதில்லை. கிணத்துக்கடவில் மட்டுமல்ல, எங்கேயும்.

அந்த அம்மாள் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாமாவுக்குக் காபி புரையேறியது. அப்பாவின் முகம் செத்துப்போனது. சமையலறை வாசலிலிருந்து அம்மா, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினாள்.

நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஹேர்பின்னை உருவி, பூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. மிக்சரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த எவர்சில்வர் தட்டிலேயே பூவை வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸ் வந்தது. பெண் பார்க்க வருகிற மனிதர் லென்ஸோடு வந்திருக்கிறார்!

தட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். இது ஆர்கிட், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆர்கிட், உலகத்துக்கே புதுசு என்றார். முன்னிதழில் மூன்று மடல், பின்னால் வளைந்த சின்னப் பை, நடு மடலில் ஊதாக் கோடுகள், ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தில் நிறுத்தினார். கூட வந்த பங்காளிகள் எல்லாரும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மிக்சர்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஏழுங்க. ரெண்டு கோடு அடியில மடிஞ்சிருக்கும். இதுல தூக்கிப் பாருங்க."

ஹேர்பின்னை நீட்டினேன்.

வாங்கினார். மடலைத் தூக்கிப் பார்த்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார்.

அப்புறம்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

பெண் எம்.பில். படித்தவள் என்று மாமா அவர்களிடம் சொல்லியிருந்தார். எதில் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஆனைமலைச் சரிவில் காற்றுக்கு முறிந்து விழுந்த கிளையிலிருந்து அந்தச் செடியைப் பிரித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மாமரத்தில் கயிற்றால் கட்டியது நான்தான். போன வருஷத்துப் பூக்களைப் பார்த்து வரைந்த படமும், புது இனம் என்று அறிவிக்க லத்தீனில் எழுதிய வர்ணனையும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தன.

அவர் என் மேலிருந்து கண்ணை எடுக்காமல், தன் அம்மாவின் மடியிலிருந்த பூத்தட்டைத் தொட்டுக் காட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன், கொஞ்சம் வேகமாகவே ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. மாமா சிரித்துவிட்டார். அந்த அம்மாள் எழுந்து வந்து என் தலையில் மல்லிகை வைத்தார். மண்டபம் எங்கே பார்ப்பது என்று அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அந்தச் செடி வருஷத்துக்கு ஒரே ஒரு கொத்துதான் விடும். வாரத்துக்கு ஒரு பூவாக விரியும்.

முந்தைய மூன்று ஞாயிறும் அதே இடத்தில், இடது காதுக்கு மேலே, அதே பூவைத்தான் வைத்திருந்தேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷக் கொத்தில் இருந்தவை மொத்தம் நாலு மொட்டுகள்.