கீறல் விழுந்த டார்ச்

“உள்ளங்கையை நீட்டு” என்றான்.

பஜ்ஜித் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆனால் கூடத்தில் இருட்டு. ஜன்னலுக்குத் திரை போட்டு, திரைக்கு மேல் போர்வையும் தொங்கவிட்டிருந்தான் அவள் கணவன். டார்ச் சேர்க்கிறவர்கள் கூடினால் இப்படித்தான். சூரியனை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

அவனோடு சேர்த்து மூன்று பேர். சென்னியப்பன் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். வாசலிலேயே “நல்லா இருக்கியா அம்மணி” என்று மகளைக் கேட்பதுபோல் வாய் நிறையக் கேட்டவர். இன்னொருவன் பிரதீபன். வாட்ஸப் குழுவில் பழக்கம், நேரில் பார்ப்பது இன்றுதான். பெல்ட்டில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று, சாவிக்கொத்தில் ஒன்று. டார்ச் இல்லாமல் ஒருவரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

அவள் கணவனுக்கு ஒரு பெட்டி நிறைய டார்ச்சுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சில் வெட்டிய குழி. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பான்.

அதில் ஒன்றைத்தான் புதன்கிழமை அவள் எடுத்தாள். கரண்ட் போயிருந்தது. அடுப்பில் பால்.

கை நழுவியது.

செம்பு டார்ச். கழுத்தருகே நெல்மணி அளவுக்கு ஒரு கீறல்.

இன்று அவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டினான். இருவரும் மாறி மாறி வாங்கினார்கள். நகத்தால் தடவினார்கள். சென்னியப்பன் உச்சுக் கொட்டினார்.

“பார்க்கவே வயிறு எரியுதுங்க” என்றார்.

“கை தவறிடுச்சு” என்றான் அவன். யாருடைய கை என்று சொல்லவில்லை. பெருந்தன்மைதான்.

கீறல் கிடக்கட்டும், நிறத்தைப் பாருங்கள் என்றுதான் அவளைக் கூப்பிட்டான். வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதைச் சுவரில் பார்ப்பார்கள். நிறம் உண்மையாகத் தெரிகிறதா என்பதை மனிதத் தோலில் பார்ப்பார்கள். மட்டமான விளக்கில் சிவப்பு செத்துப்போகும். நல்ல விளக்கில் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரியும் என்பான்.

தன் கையிலேயே காட்டியிருக்கலாம். ஒரு கையில் டார்ச் இருந்தது. மறு கையில் பஜ்ஜி.

பொத்தானை அழுத்தினான்.

உள்ளங்கை சிவந்து தெரிந்தது. வெளிச்சம் வளையல்களைத் தாண்டி முழங்கைவரை போயிற்று.

மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்களின் அச்சு.

ஊதாவும் சிவப்பும். ஓரத்தில் மஞ்சள். ஒரு விரலில் மோதிரம் அழுந்திய தடம்கூட இருந்தது.

இவ்வளவு நிறங்கள் இருப்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

அவன் அணைக்கவில்லை. செய்தவனுக்கு மறந்தே போயிருந்தது. சிவப்பு எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

புதனுக்கு மறுநாள் இதே கையை அண்ணனிடம் நீட்டியிருந்தாள். மளிகைக் கடையை அடைத்துவிட்டு அண்ணன் வீடு திரும்புவதே இருட்டிய பிறகுதான். டியூப்லைட்டுக்குக் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒண்ணுந் தெரியலியே அம்மணி.”

வெயிலில் காட்டியிருக்கலாம். அவளை வெயிலில் வைத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சாயத்தில் ஒரு சொட்டு கூடினாலும் துணியை லாரியோடு திருப்பி அனுப்புகிறவர் என்று அவரைப் பற்றி அவள் கணவன் பெருமையாகச் சொல்லியிருந்தான். அவர் கண் மஞ்சளில் நின்றது. ஊதாவில் நின்றது. மோதிரத் தடத்தில் நின்றது.

பிறகு, டார்ச்சைப் பிடித்திருந்த கையின் மோதிரத்துக்குப் போனது.

அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். அம்மணி என்று கூப்பிட்ட வாய்.

“சிவப்பு நல்லா எடுக்குதுங்க” என்றார்.

ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

பிரதீபன் தன் டார்ச்சை அவசரமாகச் சுவரில் அடித்தான். பேச்சு பேட்டரிக்குப் போயிற்று.

அவள் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வெளிச்சம் போதவில்லை, அதனால்தான் அண்ணனுக்குத் தெரியவில்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வேண்டிய நேரத்தில் கையில் இல்லாத டார்ச் என்ன டார்ச் என்று அவள் கணவன் அடிக்கடி சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்னதில் அவளுக்கு உதவியது அது ஒன்றுதான்.

அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்தது. எழுந்து விளக்குப் போடவில்லை. வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரியவில்லை என்று இந்த முறை அண்ணனால் சொல்ல முடியாது. தெரிகிறது, இருந்தாலும் திரும்பிப் போ என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத்தான் போகிறான் என்றால் அதை அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும்.

வாசலில் வண்டி நின்றது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“என்ன அம்மணி, இருட்டுல உக்காந்திருக்க?”

சுவரைத் தடவி ஸ்விட்சுக்குக் கை கொண்டுபோனான்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். செம்பு விரலில் தட்டுப்பட்டது.

“அந்த லைட்டு வேண்டாங்ண்ணா.”