கேட் இன்னும் திறக்கல

“வண்டி இப்ப எங்கப்பா வருது?”

டிரைவர் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கையால் வாயை மறைத்துக் குனிந்தான். சிறுநீரக மருத்துவரின் காத்திருப்பு அறை அது. எதிர் நாற்காலியில் ஒரு பெண், அவள் மடியில் தூங்கும் குழந்தை. பாதி அறையை ஒரு மரத்தடுப்பு மறைத்திருந்தது. மேலே மின்விசிறி லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“ரயில்வே கேட் சார். மூடிட்டாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. லாரியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பைபாஸில் எங்கே இருக்கிறது ரயில் பாதை? ஆபீஸில் மேனேஜர் முன்னால் பெரிய திரை உண்டு என்றும், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்றும் மற்ற டிரைவர்கள் சொல்லியிருந்தார்கள். வேறு ஊர்க் கிளையில் வேலைக்குச் சேர்ந்தவன் இவன். ஆபீஸ் இதே ஊரின் மறுகோடியில்தான் என்றாலும் ஒருநாளும் அங்கே போனதில்லை. மேனேஜரின் முகம் தெரியாது. குரல்தான் பழக்கம்.

மறுமுனையில் மேனேஜர் செருமிக்கொண்டார்.

“ஆமாமா, திரையில பார்த்துட்டுத்தானே இருக்கேன். கேட் மூடித்தான் இருக்கு. திறந்ததும் ஒரே மிதியா மிதிச்சு வா. சாயங்காலத்துக்குள்ள சரக்கு இறங்கலைன்னா முதலாளி என் தோலை உரிச்சுடுவார்.”

பேச்சு முடிந்தது. டிரைவருக்குக் குப்பென்று வியர்த்தது. இல்லாத கேட் எப்படி மூடியிருக்கும்? எல்லாம் தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறாரா? போன மாதம் இப்படித்தான் ஒருத்தன் கண்ணயர்ந்துவிட்டு, இன்ஜின் கோளாறு என்று சொல்லி மாட்டிக்கொண்டான். மறுநாளே வண்டிச் சாவி வேறொருவன் கைக்குப் போய்விட்டது.

பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தான். எழுந்தவனை விலாவுக்குக் கீழே சுருக்கென்று இழுத்த வலி மறுபடி உட்கார வைத்தது.

தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் போன் வரும். அதனால் தண்ணீரையே குறைத்துக்கொண்டவன் அவன். மீறி வந்தால், அடுத்த ஊர் வரட்டும், அதற்கடுத்த ஊர் வரட்டும் என்று அடக்கி அடக்கிப் பழகியவன். சிறுநீர் சிவப்பாகப் போனபோதுதான் பயந்துபோய் மனைவியிடம் சொன்னான். அவள்தான் விசாரித்து, போகிற வழியிலேயே இருக்கிறார் என்று இந்த டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. மனைவி.

“டாக்டரைப் பார்த்துட்டீங்களா?”

“இன்னும் கூப்பிடல. மேனேஜர் உயிரை எடுக்கறார். நான் கிளம்பறேன், அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

“அடுத்த தடவை, அடுத்த தடவைன்னுதானே இந்த நிலைமைக்கு வந்திருக்கீங்க? லாரியில லேசா ஒரு சத்தம் கேட்டா உடனே ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கறீங்க. உங்க உடம்புக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?” அவள் குரல் உடைந்தது. “இந்த வண்டி போனா வேற வண்டி கிடைக்கும். நீங்க போனா எனக்கு யாருங்க இருக்கா?”

“சரி, சரி, அழாத. பார்த்துட்டே வர்றேன்.”

வைத்த கையோடு மேனேஜர்.

“என்னப்பா, இன்னுமா திறக்கல?” இந்த முறை குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“இல்ல சார்... கூட்ஸ் வண்டி போகுது. ரொம்ப நீளம்.”

“ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசற?”

“நீங்களும் அப்படித்தானே சார் பேசறீங்க?”

“முதலாளி பக்கத்துல உக்காந்திருக்கார்யா!”

எதிரில் குழந்தை விழித்துக்கொண்டு வீலென்று அலறியது. டிரைவர் போனைப் பொத்துவதற்குள் மறுமுனை பட்டென்று துண்டித்துக்கொண்டது.

தொலைந்தோம் என்று நினைத்தான். பக்கத்துப் பஸ்ஸில் அழுத குழந்தை என்று சொன்னால் நம்புவாரா? இந்நேரம் முதலாளியிடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்றோடு ஸ்டியரிங்குக்கும் நமக்கும் உறவு முடிந்தது. தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். இவனைத் தட்டிக்கொடுக்கத்தான் அங்கே யாருமில்லை.

மூன்றாம் முறையாக அதே எண். எடுக்காவிட்டால் இன்னும் வம்பு. எடுத்தான். மனைவியின் அழுகை இன்னும் காதிலேயே இருந்தது. ஆனது ஆகட்டும், இனிமேல் பொய் வேண்டாம்.

“சார், ஒரு விஷயம் சொல்லணும். கோபப்படாதீங்க. நான் கேட்ல நிக்கல சார், நான் வந்து...”

டாக்டர் அறையின் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, மரத்தடுப்பின் பக்கம் பார்த்து அதட்டினாள்.

“ஸ்கேன் எடுத்துட்டு வந்தவர் யாருங்க? எத்தனை தடவை கூப்பிடறது? முதல்ல அந்த போனைக் கீழ வைங்க!”

அந்த அதட்டல் டிரைவரின் ஒரு காதில் நேராகவும், மறு காதில் போன் வழியாகவும் விழுந்தது.

“அப்புறம் பேசறேன்ப்பா, முதலாளி கூப்பிடறார்” என்றது போன்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுந்த ஒருவர், “இதோ வந்துட்டேன் சிஸ்டர்... ஆபீஸுக்குத் தெரியாம வந்திருக்கேன், கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க” என்று அதே குரலில் கெஞ்சினார்.